நாள்பட்ட நிராகரிப்பை ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா?

கேள்வி இதுதான்: தங்கைக்கு இரண்டு நுரையீரலையும் மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. நன்றாக இருக்கிறாள். ஆனால் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நாள்பட்ட நிராகரிப்பு வருகிறது என்று படித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அது வரப்போகிறதா என்று ரத்தப் பரிசோதனையில் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா? கொடையாளியின் டி.என்.ஏ.வை ரத்தத்தில் அளப்பதாகச் சொல்கிறார்களே, அதை எடுக்கச் சொல்லலாமா?

முதலில் நேரடியான பதில். இவருக்கு வரும், இவருக்கு வராது என்று பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்று எதுவும் இல்லை. ஆனால் நுரையீரல் அடிபட்டுக்கொண்டிருக்கிறது என்பதை, ஊதும் பரிசோதனையில் எண் இறங்குவதற்கு முன்பே ரத்தம் காட்டக்கூடும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் புரிந்தால் எந்தப் பரிசோதனையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாள்பட்ட நிராகரிப்பு என்று நாம் சொல்வதை மருத்துவர்கள் இப்போது சுருக்கமாக ‘கிளாட்’ என்பார்கள். மாற்றி வைத்த நுரையீரலின் வேலைத்திறன் நிரந்தரமாகக் குறைவது என்று பொருள். 2019இல் சர்வதேச இதய, நுரையீரல் மாற்றுச் சங்கம் அதற்கு ஒரு வரையறை கொடுத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிடைத்த மிகச் சிறந்த இரண்டு எஃப்.இ.வி.1 அளவுகளின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவுதான் எஃப்.இ.வி.1. அந்தச் சராசரியிலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கி, மூன்று வாரம் தாண்டியும் ஏறாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. மூன்று மாதம் தாண்டியும் அப்படியே இருந்து, தொற்று போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் ஆகிவிட்டால் உறுதி செய்கிறார்கள்.

உங்கள் தங்கையிடம் ஊதிய எண்களைக் குறித்துவைக்கும் நோட்டு இருக்கும். உதாரணத்துக்கு, அதில் மிகச் சிறந்த இரண்டு அளவுகள் 2.70 லிட்டர், 2.66 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.68. அதில் 80 சதவீதம் என்றால் 2.14. இப்போது அடுத்தடுத்த மாதங்களில் 2.60, 2.52, 2.41, 2.33 என்று எண் இறங்கி வருகிறது. நோட்டைப் பார்க்கும் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் 2.33 என்பது இன்னும் 87 சதவீதம்தான், வரையறைப்படி அவளுக்கு எந்த நோயும் இல்லை. 2.14ஐத் தொடும்போதுதான் நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. அதற்குள் போனது போய்விட்டது. நோயை முன்பே காட்டிக்கொடுக்கும் ரத்த அளவுகளை, அதாவது ரத்தக் குறியீடுகளைத் தேடி இத்தனை பேர் இவ்வளவு காலமாக உழைப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

ஊதும் எண் ஏன் இவ்வளவு தாமதமாக அசைகிறது? நோய் பெரும்பாலும் தொடங்குவது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறுகலான சிறு காற்றுக்குழாய்களில். அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் குறுகல் என்றாலும் எல்லாம் பக்கம்பக்கமாக வேலை செய்வதால், காற்றோட்டத்துக்கு மொத்தமாக ஏற்படும் தடையில் அவற்றின் பங்கு சிறியது. அதனால் பல குழாய்கள் தழும்பேறி அடைபட்ட பிறகும் மற்றவை சமாளித்துவிடும். திசு எடுத்துப் பார்க்கலாமே என்றால், பிராங்கோஸ்கோபி வழியாக, அதாவது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, கிள்ளி எடுக்கும் துணுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான். நோயோ அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவியிருக்கிறது. நோய் இல்லாத இடத்தில் கிள்ளினால் ‘ஒன்றுமில்லை’ என்றே அறிக்கை வரும்.

கிளாட்டில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. சிறு குழாய்கள் அடைபடுவது பி.ஓ.எஸ்., இதுதான் அதிகம். நுரையீரலே இறுகிச் சுருங்குவது ஆர்.ஏ.எஸ்., இதை 2011இல் டொராண்டோ குழுவினர் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். இது குறைவான பேருக்கு வருகிறது, ஆனால் வேகமாக முற்றுகிறது. இரண்டும் சேர்ந்தும் வரும். ஒரே குறியீடு இரண்டையும் ஒரே மாதிரி காட்டாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட டி.என்.ஏ. பரிசோதனைக்கு வருவோம். நம் உடலில் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டுகள் ரத்தத்தில் மிதக்கும். மாற்று நுரையீரலின் செல்கள் கொடையாளியுடையவை என்பதால், அவை சாகும்போது கொடையாளியின் டி.என்.ஏ.தான் கசியும். கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ. மிதப்பதை 1997இல் காட்டிய டெனிஸ் லோ, அடுத்த ஆண்டே சிறுநீரகம், கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தில் கொடையாளியின் டி.என்.ஏ. இருப்பதையும் காட்டினார். அப்போது பெண்ணின் ரத்தத்தில் ஆணின் ஒய் குரோமோசோமைத் தேடுவதுதான் வழி. கொடையாளி ஆணாகவும் பெறுபவர் பெண்ணாகவும் இருந்தால்தான் அது நடக்கும். இன்று மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறும் நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் படித்துப் பிரித்துவிடுகிறார்கள்.

இந்தக் குறியீட்டின் பெரிய பலம், அது ரத்தத்தில் நீண்ட நேரம் தங்காது என்பது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே பாதியாகக் கரைந்துவிடும். ஆகவே இன்று எடுத்த ரத்தம் இன்றைய நிலவரத்தைச் சொல்கிறது, போன மாதத்துடையதை அல்ல. அறுவை சிகிச்சை முடிந்தவுடன் அளவு மிக அதிகமாக இருக்கும், சில வாரங்களில் இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். அப்புறம் ஏறினால்தான் கவனிக்க வேண்டும். மொத்த மிதக்கும் டி.என்.ஏ.வில் கொடையாளியுடையது 1 சதவீதத்தைத் தாண்டினால் நுரையீரல் அடிபடுகிறது என்று எடுத்துக்கொள்வது இரட்டை நுரையீரல் மாற்றில் பரவலான வழக்கம். ஒற்றை நுரையீரல் என்றால் சிந்தும் செல்களும் பாதிதான், அதனால் அதே எண்ணை அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது.

முன்னறிவிப்பு என்ற விஷயத்தில் இதற்குக் கிடைத்த நல்ல சான்று 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. 106 பேரை அறுவை சிகிச்சையிலிருந்தே தொடர்ந்து பார்த்தார்கள். முதல் மூன்று மாதங்களின் சராசரி அளவை வைத்து மூன்று பங்காகப் பிரித்ததில், மேல் பங்கில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாற்று நுரையீரல் செயலிழக்கும் ஆபத்து 6.6 மடங்கு அதிகமாக இருந்தது. அவர்களில் பலருக்கு அந்த மூன்று மாதங்களில் வெளியே தெரியும் தொந்தரவு எதுவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் மிக முக்கியமான சேதி இது. ஆரம்பத்தில் சத்தமில்லாமல் ஏற்படும் காயம் பின்னால் வரும் தழும்புக்கு விதை போடுகிறது என்பதற்கு இது வலுவான தடயம்.

ஆனால் இந்தப் பரிசோதனைக்குத் தெரியாதவையும் உண்டு. செல் செத்தது என்று சொல்லும், ஏன் செத்தது என்று சொல்லாது. நிமோனியா வந்தாலும் ஏறும், நிராகரிப்பு வந்தாலும் ஏறும், பிராங்கோஸ்கோபியில் திசு எடுத்த மறுநாளும் ஏறலாம். ஏற்கெனவே தழும்பாகிவிட்ட இடமோ டி.என்.ஏ. எதையும் சிந்தாது. அதனால் மெதுவாக, பல மாதங்களாக இறுகிவரும் ஒரு நோயில் எண் பெரிதாக ஏறாமலே போகலாம்.

சதவீதத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் (ரத்தத்தில் செல்களை நீக்கிய நீர்ப்பகுதி) மொத்தம் 5,000 டி.என்.ஏ. பிரதிகள், அதில் கொடையாளியுடையவை 60 என்றால் 1.2 சதவீதம். எச்சரிக்கைக் கோட்டுக்கு மேலே. அதே நேரத்தில் அவளுக்கு உடலில் வேறெங்கோ ஒரு தொற்று வந்து, அவளுடைய சொந்த வெள்ளணுக்கள் நிறைய சாகின்றன. மொத்தம் 10,000 ஆகிவிடுகிறது. நுரையீரல் சிந்துவது அதே 60தான், ஆனால் அறிக்கையில் 0.6 சதவீதம் என்று வரும். காயம் குறையவில்லை, வகுக்கும் எண்தான் பெருகியிருக்கிறது. இதனால்தான் சில ஆய்வுக்கூடங்கள் சதவீதத்தோடு உண்மையான எண்ணிக்கையையும் சேர்த்துத் தருகின்றன. உங்கள் அறிக்கையில் இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

ரத்தம் எடுத்த குழாயே எண்ணை மாற்றிவிடும். சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். மேசையிலேயே ஒரு நாள் கிடந்தால் வெள்ளணுக்கள் குழாய்க்குள்ளேயே உடைந்து, பெறுநரின் டி.என்.ஏ. வெள்ளமாகக் கொட்டும். கொடையாளியின் பங்கு அதில் கரைந்து, அறிக்கை பொய்யாக நல்ல சேதி சொல்லும். இதற்காகவே வெள்ளணுக்களை உடையாமல் காக்கும் தனிக் குழாய்கள் இருக்கின்றன. மாதிரி தொலைவிலுள்ள கூடத்துக்குப் போகிறது என்றால் எந்தக் குழாயில் எடுக்கிறார்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. கேளுங்கள்.

இரண்டாவது முக்கியமான பரிசோதனை, கொடையாளியின் எச்.எல்.ஏ. புரதங்களுக்கு (செல்களின் மேல் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும் அடையாளப் புரதங்கள்) எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடுவது. புதிய டி.என்.ஏ. பரிசோதனையைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இதுதான் ஏற்கெனவே பெரும்பாலான மையங்களின் வழக்கத்தில் இருக்கிறது. செய்முறை அழகானது. நிறச் சாயம் ஏற்றிய நுண்ணிய மணிகள், ஒவ்வொரு வகை மணியின் மேலும் ஒரே ஒரு எச்.எல்.ஏ. புரதம். நோயாளியின் சீரத்தை அவற்றோடு கலந்தால், எந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறதோ அந்த மணியில் போய் ஒட்டிக்கொள்ளும். லேசர் ஒவ்வொரு மணியாகப் படித்து, எது எவ்வளவு ஒளிர்கிறது என்று சொல்லும். ஒட்டிய மணியின் புரதம் கொடையாளியிடம் இருந்த அதே புரதம் என்றால்தான் கவலை.

மாற்று சிகிச்சைக்குப் பிறகு புதிதாக இப்படி ஆன்டிபாடி உருவாகிறவர்களுக்குக் கிளாட் வரும் ஆபத்து கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதிலும் எச்.எல்.ஏ. புரதங்களில் டி.க்யூ. என்ற வகைக்கு எதிரானவை அதிகம் தென்படுகின்றன, நீண்ட நாள் நிலைத்தும் நிற்கின்றன. ஆனால் ஆன்டிபாடி இருந்தும் பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஆன்டிபாடியே இல்லாமல் கிளாட் வந்தவர்களும் உண்டு. அறிக்கையில் வரும் எம்.எஃப்.ஐ. எண்ணை ரத்தச் சர்க்கரை எண்ணைப் போல வாசிக்காதீர்கள். அது ஒளிர்வின் அளவு, ஆன்டிபாடியின் நேரடி அளவு அல்ல. சில நேரம் ஆன்டிபாடி மிக அதிகமாக இருக்கும்போதே எண் குறைவாகக் காட்டும், சீரத்தை நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். ஒரு கூடத்தின் எண்ணை இன்னொரு கூடத்தின் எண்ணோடு ஒப்பிடுவதும் சரிப்படாது.

எச்.எல்.ஏ. அல்லாத ஆன்டிபாடிகளும் உண்டு. நுரையீரல் திசுவுக்குள் சாதாரணமாக மறைந்திருக்கும் ஐந்தாம் வகை கொலாஜன் என்ற புரதம், காயத்தால் வெளியே தெரியும்போது உடல் அதையே எதிரியாக நினைத்துத் தாக்குவதைப் பற்றி நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அன்றாடச் சிகிச்சைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்து புரதங்கள். பட்டியல் மிக நீளமானது, எனக்கு முக்கியமாகப் படுபவற்றை மட்டும் சொல்கிறேன். எதிர்ப்புச் செல்களை நுரையீரலுக்குள் கூப்பிடும் சி.எக்ஸ்.சி.எல்.9, சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற இரண்டும் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் உயர்ந்திருந்தால் பின்னால் கிளாட் வரும் ஆபத்து கூடுவதை முதலில் பார்த்தார்கள். நுரையீரல் அடிபடும் நேரத்தில் பிளாஸ்மாவிலும் அவை உயர்ந்திருந்தால் அதே பொருள்தான் என்று பின்னர் வந்த ஆய்வு சொல்கிறது. அந்தப் பாதை எனக்கு நம்பிக்கையளிக்கிறது, ஏனென்றால் இங்கே குறியீடு நோயின் இயக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. கே.எல்.-6 என்பது காற்றறைகளின் செல்களிலிருந்து வரும் புரதம். நுரையீரல் இறுகும் நோய்களில் ஏறும், அதனால் ஆர்.ஏ.எஸ். வகையைப் பிரித்தறிய உதவக்கூடும். தழும்புத் திசுவை மாற்றியமைக்கும் எம்.எம்.பி.-9 என்ற நொதி, பி.ஓ.எஸ். வருவதற்குப் பல மாதங்கள் முன்பே பிளாஸ்மாவில் உயர்வதைப் பிரெஞ்சுக் குழுவினர் காட்டினார்கள். அதே நாட்டு ஆய்வாளர்கள், பி செல்கள் (ஆன்டிபாடியை உருவாக்கும் வெள்ளணுக்கள்) சார்ந்த சில மரபணுக்களின் செயல்பாடு ரத்தத்தில் குறைவதையும் நோய்க்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்னதாகவே பார்த்தார்கள்.

சி.சி.16 என்ற புரதத்தின் கதை எல்லோரும் கவனிக்க வேண்டியது. சிறு காற்றுக்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் கிளப் செல்கள்தான் இதைச் சுரக்கின்றன. நோய் அந்தச் செல்களை அழிக்கும்போது புரதம் குறைய வேண்டும், தர்க்கம் கச்சிதம். ஆனால் ரத்தத்திலிருந்து இதை வெளியேற்றுவது சிறுநீரகம். நிராகரிப்பைத் தடுக்கத் தினமும் சாப்பிடும் டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தை மெல்ல மெல்லப் பாதிக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் புரதம் ரத்தத்தில் தேங்கி எண் ஏறும். நுரையீரல் எண்ணைக் கீழே இழுக்கிறது, சிறுநீரகம் மேலே தள்ளுகிறது, அறிக்கை இயல்பு என்று வருகிறது! ஆய்வில் ஜொலித்த ஒரு குறியீடு நடைமுறையில் தடுமாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

டார்க் டெனோ வைரஸையும் விட்டுவிட மனமில்லை. 1997இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். நம்மில் பெரும்பாலோரின் ரத்தத்தில் எந்தத் தீங்கும் செய்யாமல் இருக்கும் வைரஸ் அது. எதிர்ப்பாற்றல் குறைந்தால் பெருகும், கூடினால் ஒடுங்கும். அதனால் அதன் அளவு, மருந்து எதிர்ப்பாற்றலை எவ்வளவு அடக்கியிருக்கிறது என்பதற்கு ஒரு மானியாகிறது. டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று சொல்லும். இந்த வைரஸோ அந்த மருந்தை உடல் எப்படி உணர்கிறது என்று சொல்லும். மிகக் குறைந்தால் நிராகரிப்பு பற்றி யோசிக்க வேண்டும், மிக ஏறினால் தொற்று பற்றி.

இவ்வளவு இருந்தும் ஏன் ‘இன்னும் இல்லை’ என்கிறேன்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குறியீடு, நோய் வரப்போகிறவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது, வராதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த ஒரு வருடத்தில் 100 பேரில் 10 பேருக்கு நோய் வரும் என்றால், அந்தப் பத்தில் 8 பேரைப் பிடிக்கும். மீதி 90 பேரில் 18 பேரை வீணாகப் பயமுறுத்தும். ஆக, எச்சரிக்கை வந்த 26 பேரில் உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள் 8 பேர்தான், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மறுபக்கம் பாருங்கள்: எச்சரிக்கை வராத 74 பேரில் 72 பேருக்கு ஒன்றும் வராது. நல்ல பதில் வந்தால் பெரும்பாலும் நம்பலாம், கெட்ட பதில் வந்தால் உடனே நம்ப முடியாது. இன்றுள்ள குறியீடுகளின் குணம் ஏறக்குறைய இதுதான்.

அப்படி வீணாகப் பயந்த 18 பேருக்கும் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தால்? தொற்று வரும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். இந்த நோயாளிகளின் உயிரைத் தொற்றும் எடுக்கிறது என்பதை ஒரு நிமிடமும் மறக்கக் கூடாது. குறியீட்டை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் ஆயுள் கூடுகிறது என்ற நிரூபணம் இன்னும் வரவேண்டும்.

ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது ஒன்றைத் தேடுங்கள்: ரத்தம் எடுத்தது நோய் வந்த பிறகா, வருவதற்கு முன்பா? கிளாட் வந்த முப்பது பேரையும் வராத முப்பது பேரையும் பக்கத்தில் நிறுத்தி ‘இவர்களிடம் இந்தப் புரதம் அதிகம்’ என்று காட்டுவது எளிது. அது நோயின் அடையாளம், முன்னறிவிப்பு அல்ல. எல்லோரிடமும் ஆரம்பத்திலிருந்தே ரத்தம் சேமித்து, வருடக்கணக்கில் காத்திருந்து, இன்னொரு மையத்திலும் அதே பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் கடினமான, உண்மையான வேலை.

இனி உங்கள் தங்கைக்கு. டி.என்.ஏ. பரிசோதனையை நீங்களாகப் போய் ஒருமுறை எடுத்துவிட்டு அந்த எண்ணோடு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒற்றை எண் எதையும் சொல்லாது. அவளுடைய மருத்துவக் குழு அதைத் தொடர்ந்து, ஒரே கூடத்தில், நன்றாக இருக்கும்போதே எடுத்து அவளுக்கென்று ஒரு அடிமட்டம் வைத்திருந்தால் அப்போது அதற்கு அர்த்தம் உண்டு. 0.3இல் நின்றவள் 0.9க்குப் போனால், 1 சதவீதத்தைத் தொடாவிட்டாலும் அது சேதிதான். அப்படி ஏறினால் முதலில் தொற்றைத் தேடுவார்கள், டாக்ரோலிமஸ் அளவையும் ஆன்டிபாடியையும் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோபி, சி.டி. ஸ்கேன். சிலருக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் ஊதும் எண் ஏறிவிடுவது உண்டு. சீக்கிரம் பார்ப்பதால் கிடைக்கும் நிஜமான லாபம் அங்கேதான் இருக்கிறது. குறையும் வேகத்தைத் தடுக்க, ரத்தத்தை வெளியே எடுத்து வெள்ளணுக்களுக்கு ஒளிச் சிகிச்சை செய்து திருப்பி ஏற்றும் முறையும் சில மையங்களில் உண்டு.

அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கொடையாளிக்கு எதிரான ஆன்டிபாடியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? டி.என்.ஏ. பரிசோதனை உங்கள் மையத்தில் உண்டா, அதில் எண் ஏறினால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்வியின் பின்பாதிக்குத் தெளிவான பதில் இல்லை என்றால் அந்தப் பரிசோதனை இப்போதைக்கு அவளுக்கு உதவாது.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. வீட்டில் ஊதும் கருவி இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் ஊதி எழுதச் சொல்லுங்கள். அவளுடைய வழக்கமான எண்ணிலிருந்து 10 சதவீதம் இறங்கி, இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவக் குழுவுக்குப் போன் செய்துவிடுங்கள்.